குப்பைமேட்டுக் கெபி

1

இக்குறிப்புகளில் நான் கண்ணால் கண்டவற்றையும், குறைந்தது இருவர் தனித்தனியே ஒரே விதமாகச் சொன்னவற்றையும் மட்டுமே உறுதியாக எழுதுகிறேன்; மற்றவை யார் சொன்னவை என்று அங்கங்கே குறிப்பிடுகிறேன். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. சென்ற மாதம், பாரிசின் புறநகர் ஒன்றில் நடந்த நம்மவர் வீட்டுத் திருமணத்தில், எங்கள் ஊரைப் பற்றி ஒரே மாலையில் இரண்டு கதைகளைக் கேட்டேன். மாதா சொரூபத்தின் கண்களில் நீர் வழிந்தது, அதைக் கண்டு அஞ்சியே ஊரார் அங்குக் குப்பை கொட்டுவதை நிறுத்தினார்கள் என்பது ஒன்று. காலனிக்காரர்கள் கை நிறையப் பணம் வாங்கிக்கொண்டு மனமுவந்து இடத்தைக் காலி செய்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் சொன்னவர் ஒருவரே. பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். முதல் கதையால் எவருக்கும் தீங்கில்லை. இரண்டாவது கதை என் அக்காளைப் பற்றியது. அவள் அந்த மண்டபத்துக்கு வந்து மறுமொழி சொல்ல இயலாது.

ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன். மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் இருக்கிறது என்பது போதும். படிப்பவர் மனத்தில் இருத்தவேண்டியவை இரண்டு தெருக்கள். மேட்டில் கோயில் தெரு. அங்கே உப்பள முதலாளிகளும் கடைக்காரர்களும் மாதச் சம்பளக்காரர்களும் வாழ்கிறார்கள். பள்ளத்தில் காலனி, அங்கே உப்பு வாருகிறவர்கள். காலனியின் கடைசியில் ஒரு குட்டை, அதற்கப்பால் உப்பளம். இரு தெருவாரும் ஒரே கோயிலில் ஒரே பூசை காண்பவர்களே. ஆயினும் மழைநீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவதுபோல மேட்டின் குப்பையும் பள்ளத்துக்கே வந்தது. நீர் தானாக வந்தது. குப்பை டிராக்டரில் வந்தது.

அக்காள் பெயர் ரோசலி. அவள் கணவர் சவரிமுத்துவை நான் மாமா என்று அழைப்பேன். இருவரும் உப்பளத்து வேலைக்காரர்கள். மாமாவுக்கு இரைப்பு நோய். புகை படாத இடத்தில் இருந்தால்தான் மூச்சு சீராக வரும் என்று புதுச்சேரியில் ஒரு மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் அவர்கள் வீடு குட்டைக்கரையில் கடைசி வீடு; குப்பையைக் கொட்டிக் கொளுத்துவதும் குட்டைக்கரையில்தான். அக்காள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. புகை நிற்கவேண்டும், வீடு இருக்கவேண்டும்.

2

நான் வாழும் புறநகர் நகரத்தின் கிழக்கே உள்ளது. இந்நகரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது என்றும், ஆலைகள் பெருகிய காலத்தில் வசதி படைத்தோர் மேற்கே வீடு கட்டிக்கொள்ளப் புகையும் தொழிலாளரும் கிழக்கே வந்து சேர்ந்தனர் என்றும் என் மகள் கிளாராவின் ஆசிரியை வகுப்பில் சொன்னாராம். வரலாற்றை நான் சரிபார்க்கவில்லை. காற்றின் திசையைச் சரிபார்த்திருக்கிறேன். எங்கள் நான்காம் மாடிப் பால்கனியிலிருந்து, குப்பை எரிக்கும் ஆலையின் புகைபோக்கி தெரியும். காற்று அங்கிருந்து வரும் நாளில், உலர்த்திய வெள்ளைத் துணியின்மீது விரலால் கோடு இழுக்கலாம்.

ஊரில் தமிழாசிரியையாக இருந்த நான் இங்கே ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் தட்டுக் கழுவுகிறேன். அந்தப் பள்ளி மேற்கே இருக்கிறது. இரண்டு ரயில் மாறிப் போகவேண்டும். இறங்கும் நிலையத்திலிருந்து பள்ளிவரை இருபுறமும் மரங்கள்; இலையுதிர்காலத்தில் அவற்றின் சருகுகளை அள்ளுவதற்கென்றே ஒரு வண்டி வரும். அங்கே ஒருவரும் பால்கனியில் துணி உலர்த்துவதில்லை. அழுக்குப் படியாத காற்றில் உலர்த்துவதற்குத் துணியில்லை. துணி இருக்கும் இடத்தில் அந்தக் காற்றில்லை.

சென்ற வாரம் எங்கள் கதவிடுக்கில் ஒரு துண்டறிக்கை கிடந்தது. புகைபோக்கி மூடப்படுமாம், ஆற்றங்கரையைச் செப்பனிட்டுப் பூங்கா அமைப்பார்களாம், குடியிருப்போர் கையெழுத்திட்டு ஆதரவு தரவேண்டுமாம். இதுவே என்னை எழுதத் தூண்டிய சிறு நிகழ்ச்சி. கிளாரா அதைப் பிரெஞ்சில் படித்துவிட்டு, எனக்காகத் தன் தமிழில் சுருக்கினாள்.

"மம்மா, மரம் வரும். நெறைய மரம். நீ சைன் போட்டா வரும்."

"பெரியம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டுப் போட்றேன்."

அவள் சிரித்தாள். "தாந்த் ரோசலிக்கு இங்க இருக்குற மரம் எப்டித் தெரியும்?"

பெரியம்மா என்ற சொல் அவளிடமிருந்து எப்போது கழன்று விழுந்து, பிரெஞ்சுச் சொல்லான 'தாந்த்' வந்தது என்று நான் கவனிக்கவில்லை. தொலைபேசியில் அக்காளோடு பேச அழைத்தால், இரண்டு சொல் பேசிவிட்டு தொலைபேசியை என் கையில் திணித்துவிடுவாள்.

3

ஆழிப்பேரலை எங்கள் ஊருக்குள் வரவில்லை. உப்பளங்களில் புகுந்து, பாத்திகளைச் சேற்றால் மூடிவிட்டுத் திரும்பியது. உப்பு வேலை நின்றது. குப்பை நிற்கவில்லை, பெருகியது. கடலோரக் குப்பங்களுக்கென்று எங்கெங்கிருந்தோ வந்த பழந்துணிகள், யாராலும் உடுத்த இயலாதவையாய்ச் சாலையோரத்தில் நனைந்து கிடந்தன. பிறகு அவையும் டிராக்டரில் எங்கள் குட்டைக்கரைக்கு வந்தன. அந்தத் தை மாதத்தில் அக்காள் தொலைபேசியில் சொன்னாள்:

"இன்னாடி, உங்க ஊரு கோட்டெல்லாம் இங்க வந்து எரியுதுடி. கழுத்துல முடி வச்ச கோட்டு. இங்க எவளுக்குடி குளுருது?"

"மாமா எப்டி இருக்காரு?"

"இருக்காரு. ஒக்காந்துக்கினே தூங்குறாரு. படுத்தா மூச்சு வரமாட்டேங்குது."

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது, இடையிடையே இருமலோடு: "ஏய், கோட்டு ஒண்ணு எடுத்து வையி. பாரிசுக்குப் போனா போட்டுக்கலாம்."

"போறாரு பாரு! மொதல்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கட்டும்."

"யார்கிட்டயாவது போய்ச் சொன்னீங்களாக்கா?"

"சொல்லாம இருப்பமா? பொம்பளைங்க எல்லாம் பஞ்சாயத்து ஆபீசுல போயி நின்னோம். 'வேற எங்கம்மா கொட்றது, நீங்களே எடம் சொல்லுங்க'ன்னு கேக்குறாங்க. கோயில் தெருவுலயே கொட்டுங்கன்னு நான் சொன்னேன். நான் என்னமோ ஜோக்கு சொன்னாப்போல சிரிக்கிறாங்கடி."

அந்தச் சிரிப்பைப் பற்றி அக்காளோடு போன பிலோமினாவும் பின்னர் என்னிடம் சொன்னாள். ஏளனச் சிரிப்பன்று, உண்மையாகவே வேடிக்கை என்று நினைத்த சிரிப்பு என்றாள். அதுதான் அதிகம் சுட்டது என்றும் சொன்னாள்.

4

பிலோமினா அக்காளின் அண்டை வீட்டுக்காரி, உப்பளத்தில் அவளுக்கு இணையாக வேலை செய்கிறவள். கெபி அமைக்கும் யோசனை அவளுடையது. மாதா சொரூபத்தை வைக்கும் சிறு குகை போன்ற கட்டடத்தை நாங்கள் கெபி என்போம். குட்டைக்கரையில் நடந்த அந்தப் பேச்சை இருவரும் எனக்கு ஒரே விதமாகச் சொன்னார்கள்.

"அங்க மாதாவ வச்சிட்டா எவன் வந்து கொட்டுவான்? பாக்கலாம்," என்றாளாம் பிலோமினா.

"அவன் நிறுத்துற வரைக்கும் மாதா மூக்கப் பொத்திக்கினு நிக்கணுமா?" என்றாளாம் அக்காள்.

"நாம நிக்கல? நம்மளோட சேந்து நிக்கட்டும்."

உப்புப் பாத்தியின் தளம் எளிதில் அமைவதன்று. களிமண்ணைக் குழைத்துப் பரப்பி, பலர் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுக்கவேண்டும். நீர் கீழே இறங்காத அளவுக்கு இறுக்கவேண்டும். காலனிப் பெண்களுக்குத் தெரிந்த கட்டுமானம் அதுவே. வேலையில்லாத அந்த மாதங்களில் அவர்கள் உப்பு வாரும் பலகைகளால் குப்பையை ஒதுக்கி, உப்பளத்துக் களிமண்ணைக் கூடையில் சுமந்து வந்து, பாத்தி மிதிப்பதுபோல் மிதித்து ஒரு மேடை எழுப்பினார்கள். மேடைமேல் குகைபோல் வளைத்துக் கிளிஞ்சல் பதித்தார்கள். சொரூபம் வாங்க வழியில்லை. ஆகவே அக்காள் தன் வீட்டு மாடத்திலிருந்த சொரூபத்தை எடுத்து வைத்தாள். முழங்கை உயரம் இருக்கும். எங்கள் தாய் வைத்து வணங்கியது. இடக்கையில் ஒரு விரல் முன்பே உடைந்திருந்தது. நானும் அக்காளும் அதன்முன் முழந்தாளிட்டு வளர்ந்தவர்கள்.

"நம்ம வூட்டுல இருந்து வெளிய அனுப்புறோமேன்னு இருந்துச்சு," என்றாள் அக்காள். "அப்புறம், பத்தடி தூரம்தான, வாசல்ல நின்னாத் தெரியும்னு நெனச்சிக்கினேன்."

5

அந்த ஆண்டு பிரான்சின் கோடை விடுமுறையில் கிளாராவை அழைத்துக்கொண்டு ஊர் சென்றேன். ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் விண்ணேற்பு விழா நாளில் பங்குத் தந்தை செபம் சொல்லிக் கெபியை மந்திரித்தார். மறுநாள் காலை நடந்ததை நானே பார்த்தேன்.

டிராக்டர் வழக்கம்போல் பின்னால் பெட்டி நிறையக் குப்பையோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தது. காலனிப் பெண்கள் எவரும் தடுக்கவில்லை. வாசல்களில் நின்று பார்த்தார்கள். ஓட்டுநர் கெபியைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார். உள்நாட்டுக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இந்து அவர். நெற்றியில் திருநீறு இருந்தது. கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றி வைத்தார். இரு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, யார்மீது கோபப்படுவது என்று தெரியாதவராய்க் கேட்டார்:

"இன்னாம்மா இப்டிப் பண்ணிட்டீங்க? அம்மா ஒக்காந்துக்கினு இருக்குற எடத்துல நான் எப்டிம்மா கொட்றது?"

"கொட்டாத! யாரு கொட்டச் சொன்னா?" என்றாள் பிலோமினா.

"நான் இத எங்க கொண்டும்போய் கொட்டுவேன்?"

"ஏம்பா, நீங்க தான மூணு வருஷமா எங்கள எடம் சொல்லச் சொன்னீங்க. இப்ப நீ தேடு!"

பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். வண்டியைப் பின்னோக்கி எடுத்தார். அது மேடேறி மறைந்தது. மாமா வாசலில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஆழமாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார். ஒரு புதிய சட்டையைப் போட்டுப் பார்ப்பவர்போல மறுபடியும் இழுத்துப் பார்த்தார். "வருது ரோசலி," என்றார்.

அந்த விடுமுறையின் எஞ்சிய நாட்களில் குட்டைக்கரையில் புகை எழவில்லை. கிளாரா காலனிப் பிள்ளைகளோடு அங்கே விளையாடினாள். அவள் பேசிய தமிழில் மிக நல்ல தமிழ் அந்நாட்களுக்குரியது.

6

அடுத்து நிகழ்ந்தவற்றில் எதுவும் தீய எண்ணத்தோடு செய்யப்பட்டது என்று கூற என்னிடம் ஆதாரமில்லை. இதை நான் வற்புறுத்திச் சொல்லவேண்டும்.

கோயில் தெருவின் உப்பள முதலாளி ஒருவர், மரியதாஸ் என்று வைத்துக்கொள்வோம், நான் ஊரில் இருந்தபோதே கெபிக்கு வந்தார். வெள்ளை வேட்டியோடு ஈர மண்ணில் முழந்தாளிட்டார். எழுந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இத்தன நாளா இங்க போய் குப்பயக் கொட்டினோமேன்னு வெக்கமா இருக்குதுங்க டீச்சர்," என்றார். அவர் சொன்னது உண்மை என்றே அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

மழை வந்தால் களிமண் கரைந்துவிடும் என்று அவரே சிமெண்ட் தந்தார். கெபி பெரிதாயிற்று, நீல வண்ணம் பூசப்பட்டது. பிறகு மேட்டுத் தெருவிலிருந்து கெபிவரை தார்ச்சாலை வந்தது. சாலையோரம் விளக்குகள் வந்தன. குட்டையைத் தூர்வாரிப் படிக்கட்டு அமைத்தார்கள். கரையில் புங்கங்கன்றுகள் நட்டுக் கூண்டு வைத்தார்கள். குடிநீர்க் குழாயும் வந்தது. காலனி தோன்றிய நாளிலிருந்து கேட்டுக் கிடைக்காதவை எல்லாம், மாதா வந்த ஓராண்டுக்குள் கேளாமலே வந்தன. குட்டை அதேதான், காற்று அதேதான், மாதா நின்ற இடத்துக்கும் மாமா அமர்ந்த நாற்காலிக்கும் பத்தடிதான். சனிக்கிழமைகளில் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கார்களில் வந்தார்கள். "எங்க வாசல்ல பூ விக்குதுடி," என்று அக்காள் வியந்து சொன்னாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் கோடையில் அவள் குரல் மாறியிருந்தது.

"எடம் பொறம்போக்காம். பட்டா இல்லாதவங்க எல்லாம் எழுந்துக்கணுமாம். உப்பளத்துக்கு அந்தாண்ட வூடு கட்டிக் குடுக்குறாங்களாம்."

"திடீர்னு ஏன்க்கா?"

"வர்றவங்க பாக்குறாங்களாம்டி. கெபிக்குப் பக்கத்துல இப்டி ஓலையும் சாக்குமா இருந்தா நல்லாவா இருக்குதுன்னு பேசுறாங்களாம். குப்பய எல்லாம் எடுத்தாச்சு. இப்ப மிச்சம் இருக்குறது நாங்கதான்."

அக்காள் வீட்டாரும் பிலோமினா வீட்டாரும் பணம் வாங்கவில்லை. இதை இருவரிடமும் தனித்தனியே கேட்டு உறுதி செய்துகொண்டேன். தளம் போட்ட ஓரறை வீடு கிடைத்தது. அது பழைய குடிசையைவிட நல்ல வீடு என்பதையும் மறைக்கலாகாது. புறப்படும் நாளில் அக்காள் பங்குத் தந்தையிடம் சென்று, சொரூபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறாள். மந்திரித்து வைத்தது இனி ஊர்ச்சொத்து, தனி வீட்டுக்குத் தருவதற்கில்லை என்று அவர் வருந்திச் சொன்னாராம். அவர் சொன்னது முறைப்படி சரியே.

7

குட்டைக்கரையிலிருந்து திரும்பிய டிராக்டர் எங்கே போயிற்று என்று நாங்கள் எவரும் அந்த ஓராண்டில் கேட்கவில்லை. அது உப்பளத்துக்கு அப்பால், சாலையிலிருந்து தெரியாத ஒரு தரிசு நிலத்துக்குப் போயிருந்தது. டிராக்டருக்கு ஆளில்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது. காலனிக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரே இடம் கிடைத்தது. புதிய வீடுகளின் பின்புறம் புகை எழுந்தது. மாமா மறுபடியும் உட்கார்ந்தபடியே உறங்கினார்.

பிலோமினா சோர்கிறவள் அல்லள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்து வருகையில், இங்கும் ஒரு கெபி கட்டினால் என்ன என்று தொடங்கினாளாம். அந்த டிராக்டர்க்காரர் நல்லவர், திரும்பிப் போய்விடுவார் என்றாளாம். பெண்கள் களிமண் பார்க்கவும் தொடங்கிவிட்டார்கள். அதைக் கேட்ட மாமா, பேசுவதற்கே மூச்சைச் சேர்த்து வைக்கவேண்டிய நிலையில் இருந்தவர், சொன்னதாக அக்காளும் பிலோமினாவும் ஒரே சொற்களில் எனக்குச் சொன்னார்கள்:

"வேணாம் ரோசலி. இங்கயும் மாதாவ வச்சா, இங்க இருந்தும் கெளம்பச் சொல்லுவாங்க. அப்புறம் எங்க போவ?"

 பெண்கள், சேர்த்த களிமண்ணை வீட்டு வாசல்களில் மெழுகிவிட்டார்கள்.

ஐப்பசி மழையில், புகை தரையோடு படிந்திருந்த ஒரு பிற்பகலில் மாமா இறந்தார். நான் போக இயலவில்லை. விடுப்புக்கு விண்ணப்பித்து ஒப்புதல் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. தொலைபேசியில் அக்காள் அழவில்லை. "கடைசியா, அந்தாண்ட தூக்கிக்கினு போங்கன்னு கை காட்டினாரு," என்றாள். "குட்டப் பக்கம்டி. கெபியாண்ட மூச்சு வருமாம்."

8

பூங்காவைப் பற்றி அக்காளிடம் சொன்னேன். தொலைபேசி அட்டையில் நேரம் குறைந்துகொண்டிருந்ததால் சுருக்கமாகச் சொன்னேன். 

"சைன் போடு," என்றாள். "புள்ளைக்கு நல்ல காத்து வேணும் இல்ல? வேணாம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அதுக்கப்புறம் நீங்க எங்க இருப்பீங்கன்னு மொதல்ல கேட்டு வச்சிக்கோ. நாங்க கேக்கல."

நேற்று மாலை கிளாராவின் பள்ளி அரங்கில் கூட்டம் நடந்தது. திரையில் படம் காட்டினார்கள்: ஆறு, மரம், மிதிவண்டியில் குழந்தைகள். எங்கள் கட்டடம் நிற்கும் இடத்தில் வெளிறிய பச்சை வண்ணம் தீட்டியிருந்தது. நான் எழுந்து பிரெஞ்சில் கேட்டேன். ஆண்பாலையும் பெண்பாலையும் மாற்றிப் பேசினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார். கிளாரா தலையைக் குனிந்துகொண்டாள். பூங்கா வந்தபின் வாடகைக்குக் குடியிருக்கும் நாங்கள் எங்கே இருப்போம் என்பதே என் கேள்வி. மேடையிலிருந்த பெண்மணி கனிவானவர். நல்ல கேள்வி என்று பாராட்டினார். அது குறித்துத் தற்போது தம்மிடம் தகவல் இல்லை என்றார்.

வீடு திரும்பும் வழியில் கிளாரா கேட்டாள்: "மம்மா, எல்லாரும் மரத்தப் பத்திக் கேட்டாங்க. நீ ஏன் வீட்டப் பத்திக் கேட்ட?"

"குட்டைக்கரையில நீ வெளையாடினியே, ஞாபகம் இருக்குதா?"

"ம். நல்லா இருந்துச்சு. இப்பயும் போலாமா?"

"போலாம். ஆனா பெரியம்மா இப்ப அங்க இல்ல."

கையெழுத்திட்டுவிட்டேன். புகைபோக்கி புகையும்வரை புகையட்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

இனி, எனக்குத் தெரியாதவை. குட்டைக்கரையில் ஓலைக் குடிசைகள் இருப்பது அழகில்லை என்று முதன்முதலில் சொன்னவர் யார் என்று தெரியவில்லை. மரியதாஸ் அதைத் தடுக்கப் பேசினாரா, பேசாமல் இருந்தாரா என்றும் தெரியவில்லை. அந்தப் பத்தடியை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் மாமா இன்னும் சில காலம் வாழ்ந்திருப்பாரா என்பதை எந்த மருத்துவரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. உடைந்த விரலோடு நிற்கும் அந்தச் சொரூபம் யார் வீட்டிலிருந்து வந்தது என்று, இன்று அதன்முன் மெழுகுவத்தி ஏற்றுவோரில் எவருக்கேனும் தெரியுமா என்பதும் தெரியவில்லை. நான்காம் மாடியின் இந்தப் பால்கனியில் வெள்ளைத் துணி அழுக்காகாமல் உலரும் நாள் வரும். அதை உலர்த்துபவர் யாராக இருப்பார் என்று தெரியவில்லை.